எந்த அறிவியல் புத்தகம்? – வட்டுக்கோட்டையும் மானிப்பாயும் சொல்லும் கதை

சந்திர கிரகணம் என்றால் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சில வீடுகளில் தண்ணீர்ப் பானையில் தர்ப்பைப் புல் போடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வெளியே விடமாட்டார்கள். "பாம்பு பிடிக்குது" என்பார்கள். அதே வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதாகப் படம் வரைந்து ஐந்து மார்க் வாங்கி வருவான். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும்!

ஆனால் இந்த இரண்டையும் வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்துவிட்ட ஒரு காலம் இருந்தது. இழுத்துவிட்டவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். களம், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டுக்கோட்டை.

இந்தப் பழைய கதைக்கு இப்போது என்ன அவசியம்? காரணம் இருக்கிறது. சென்னை, பெங்களூர் போன்ற ஊர்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. தமிழ் பாடம், கணக்குப் பாடம் எல்லாம் பெரிய தலைவலி இல்லை. அறிவியல்தான் தலைவலி. 1970ல் அமெரிக்காவின் டெக்சஸில் தொடங்கிய ஏ.சி.இ. பாடத்திட்டம், ஃபுளோரிடாவிலிருந்து வரும் அபெக்கா புத்தகங்கள் போன்றவை ஆதியாகமத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டு அறிவியல் சொல்பவை. பரிணாமத்தை ஒப்புக்கொள்ளாதவை. இன்னொரு பக்கம் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் (என்.ஐ.ஓ.எஸ்.) பாடநூல் இருக்கிறது. அது அரசுப் பாடநூல், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க உதவும். எதை எடுப்பது? விசுவாசத்துக்கு ஏற்றதையா, பரீட்சைக்கு ஏற்றதையா, இல்லை பிள்ளை நாளைக்குப் பிழைக்க உதவுவதையா?

இது ஏதோ இன்றைக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கேள்வி மாதிரி தெரியும். இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எந்த அறிவியலைச் சொல்லித் தருவது, எந்தப் புத்தகத்திலிருந்து, எந்த மொழியில் என்று இருநூறு வருஷத்துக்கு முன்பே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதில் ஒரு கல்லூரியே மூடப்பட்டது.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816ல். அவர்களில் ஒருவர் டானியல் பூவர். அவரும் தோழர்களும் 1823ல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினார்கள். 'கல்லூரி' என்று பெயர் வைக்கத்தான் ஆசை. ஆனால் இலங்கை ஆங்கிலேயர் கையில் இருந்தது, வந்தவர்களோ அமெரிக்கர்கள். போன தலைமுறையில்தான் சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு நாடுகள்! ஆகவே 'செமினரி' என்ற பெயரோடு நின்றுவிட்டது. பெயரைப் பார்த்து அது பாதிரியார்களுக்கான வேதசாஸ்திரப் பள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ் இலக்கணம், இலக்கியம், கொஞ்சம் சமஸ்கிருதம், ஆங்கிலம், வடிவ கணிதம், இயற்பியல், வானசாஸ்திரம் என்று எல்லாம் அங்கே இருந்தன. 1840களின் கடைசியில் அங்கே வந்துபோன இலங்கை அரசின் காலனியச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து எழுதினார்.

சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். செலவை ஏற்றது அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்கள். பணம் கொடுத்தவர் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் பையனுக்கு வைக்கப்படும். அதனால்தான் கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று அரை அமெரிக்க, அரை யாழ்ப்பாணப் பெயர்கள். விசித்திரமான பழக்கம். பேரைக்கூட விலைக்கு விற்றுத்தான் படிக்க வேண்டியிருந்தது என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெயர்களைத் தாங்கியவர்கள் வெறும் பெயர்தாங்கிகள் அல்ல. கறல் விசுவநாதபிள்ளை 1855ல் தமிழில் 'வீசகணிதம்' என்று அல்ஜீப்ரா நூல் எழுதியவர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் தர்க்க நூல் எழுதினார், 'நியாய இலக்கணம்' என்று.

இனி கிரகணத்துக்கு வருவோம்.

வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அராலி. அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்று ஒரு பெரிய பஞ்சாங்கக்காரர் இருந்தார். யாழ்ப்பாணம் முழுக்க அவர் கணித்த பஞ்சாங்கத்துக்கு மதிப்பு. 1829 மார்ச் 20ந் தேதி ஒரு சந்திர கிரகணம். சாஸ்திரியார் கணித்திருந்ததையும் மேல்நாட்டுக் கணக்கையும் பூவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் நேரம் எல்லாவற்றிலும் வித்தியாசம். விட்டுவிடுவாரா? இதை ஊரறியச் சொல்லி, வாருங்கள், எது சரி என்று வானத்தையே கேட்டுவிடுவோம் என்று சவால் விட்டார். அன்று சாயங்காலம் சந்திரன் உதித்தது, மறைத்தது, விலகியது. பூவரின் கணக்குத்தான் சரியாக இருந்தது.

பூவரின் எதிர்பார்ப்பு என்ன? பஞ்சாங்கம் பொய்த்தால் புராணம் பொய்க்கும், புராணம் பொய்த்தால் சைவம் ஆட்டம் காணும், பிறகு மக்கள் வேதாகமத்தைத் தேடி வருவார்கள். அதாவது அறிவியல் என்பது சுவிசேஷத்துக்கு முன்னால் வழி திறந்துகொண்டு போகும் ஆள். இது பூவருக்கு மட்டும் இருந்த எண்ணம் இல்லை. 1830ல் கல்கத்தாவில் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் டஃப், ஆங்கிலக் கல்வியும் மேல்நாட்டு அறிவியலும் சேர்ந்தால் இந்து மதம் தானாகவே கரைந்துவிடும் என்று நம்பினார். டஃபின் வழியில்தான் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837ல் சென்னையில் பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது அதுதான். காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளியைத் தாண்டிப் போகிறவர்கள் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வட்டுக்கோட்டையில் நடந்தது வேறு. சாஸ்திரியாரின் கணக்கு தவறியது உண்மை. ஆனால் அவர் பாம்பை வைத்துக் கணக்குப் போடவில்லையே! சித்தாந்த வானியல் காலங்காலமாகக் கிரகணத்தைப் பூமியின் நிழலை வைத்துத்தான் கணிக்கிறது. ராகு விழுங்குவது புராணத்தில். பஞ்சாங்கக்காரர்களுக்கு இரண்டும் வேறு என்று தெரியும். தெரிந்தே இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள், இன்றைய ஐந்து மார்க் பையனைப் போல. ஆகவே கணக்கில் பிழை வந்தால் கணக்கைத் திருத்திக்கொண்டால் போதும், சாமியை மாற்ற வேண்டியதில்லை. இந்த எளிய விஷயம் மிஷனரிகளுக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

பிடிபட்டவர் பூவருக்குப் பின் செமினரிக்குத் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன். அவர் உள்ளூர்க் கணித முறையைத் தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து படித்தார். படித்ததைப் பாடமாகவும் வைத்தார். 1848ல் இந்துக்களின் வானியல் முறையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில விளக்கத்தோடும் நூலாக அச்சிட்டார். சூரிய சித்தாந்த வழிக் கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் ஒரே மாணவன் கையில்! இதோடு நிற்காமல் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854ல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வந்தது. பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது என்றால் எதிராளியின் புத்தகத்தையும் முழுசாகப் படிப்பது என்று எடுத்துக்கொண்டவர் அவர். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத் தோன்றுகிற ஆள் இவர்தான், ஆனால் இவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அறிவியலின் பலன் எதிர்பார்த்த பக்கம் போகவில்லை. மிஷன் பள்ளி முறையைக் கூர்ந்து கவனித்த ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கி, வகுப்பு, பாடநூல், அச்சகம் என்று அதே கருவிகளால் சைவத்தை வளர்த்தார். செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் பட்டமே யாழ்ப்பாணத்தாருக்கு! இருவரும் பிற்பாடு சைவர்கள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை கலித்தொகை, தொல்காப்பிய உரைகள் என்று பதிப்பித்துத் தமிழுக்கு வேறொரு கொடை தந்தார்.

பாஸ்டனில் இருந்த தலைமைச் சங்கத்துக்கு இது எப்படி இருக்கும்? பணம் கொடுத்தவர்கள் கேட்பது நியாயம்தானே. நாங்கள் போதகர்களை உருவாக்கச் சொன்னோம், நீங்கள் அரசாங்கக் குமாஸ்தாக்களையும் பட்டதாரிகளையும் உருவாக்குகிறீர்கள்! ஆங்கிலமும் அறிவியலும் தெரிந்த பையனுக்குக் கச்சேரியிலும் கலெக்டர் ஆபீசிலும் நல்ல சம்பளம் காத்திருந்தது. கிராமத்துச் சபையில் உபதேசியாராக அதில் ஒரு பங்கு சம்பளத்துக்கு யார் உட்காருவார்கள்? சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855ல் நேரில் வந்து பார்த்தார். செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் குறைத்து, தாய்மொழியில் வேதாகமமும் எளிய பாடங்களும் போதும் என்று முடிவானது. அதே வருஷம் டானியல் பூவர் மானிப்பாயில் காலரா கண்டு இறந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது போதும், அது வேண்டாம் என்று முடிவு செய்த மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள்? சின்ன வயதில் வீட்டில் அம்மாவிடம் பாடம். அதாவது இன்றைய பேச்சில் ஹோம் ஸ்கூலிங்! கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றி அமெரிக்கா அனுப்பிவிடுவார்கள். 1819ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகளும் அப்படிப் போய்ப் படித்துத் திரும்பியவர்கள்தான். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவர் பேத்தி. பெற்ற பிள்ளையைப் பல வருஷம் பார்க்காமல் இருப்பது சாதாரண வேதனை இல்லை. இதற்கு ஒரு வழியாகத்தான் 1901ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தன் பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம், பிறர் பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம் என்பது அன்றும் இருந்தது, அவ்வளவுதான்.

செமினரி மூடினால் அறிவியலும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து சில மைல் தள்ளி மானிப்பாயில் வேறொரு மனிதர் வேறொரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822ல் மாசசூசெட்ஸில் பிறந்த டாக்டர். (நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கோடு சேர்த்துப் பேசப்படும் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய அண்ணன். அண்ணன் நியூயார்க் நகரத்தைக் கட்ட, தம்பி மானிப்பாயில் மருந்து கலக்கினார்!) 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். மருத்துவமனை நடத்தினார், அடுத்த வருஷமே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லித் தரவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான்.

ஆனால் அவரும் அதே சிக்கலில் மாட்டினார். ஆங்கிலத்தில் படித்த டாக்டர், கிராமத்தில் தங்க மாட்டேன் என்கிறான். அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறான். ரூஃபஸ் ஆண்டர்சன் இதற்குக் கண்ட மருந்து படிப்பைக் குறைப்பது. கிறீன் கண்ட மருந்து வேறு. படிப்பைக் குறைக்காதே, மொழியை மாற்று. 1864 முதல் முழு மருத்துவப் படிப்பையும் தமிழிலேயே நடத்தினார்.

சொல்வது சுலபம். அனாடமிக்குத் தமிழ்ப் புத்தகம் எங்கே? இல்லை. ஆகவே செய்தார்கள். கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் சக ஊழியர்களும் சேர்ந்து, ஆங்கில உலகத்தில் அப்போது மதிப்பிலிருந்த மருத்துவ நூல்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். கட்டர் எழுதிய உடல் நூல் 1850களிலேயே வந்துவிட்டது, 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில். மகப்பேற்றுக்கு மோன்செல்லின் நூல். அறுவை சிகிச்சைக்கு ட்ரூயிட்டின் நூல், தமிழில் 'இரண வைத்தியம்', 1867. உடற்கூற்றுக்குக் கிரேயின் நூல், 'மனுஷ அங்காதிபாதம்', 1872. கிரே ஆங்கிலத்தில் முதலில் வந்ததே 1858ல்தான். பதினான்கு வருஷத்தில் தமிழில்! இன்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கும் அதே கிரே. வெல்ஸின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்று 1875ல் நாகர்கோவிலில் அச்சானது.

பெயர்களைக் கவனித்தால் அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரியும். நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் அது. இல்லையென்றால் சமஸ்கிருதம். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்வது. அனாடமிக்கு அங்காதிபாதம், பிசியாலஜிக்குச் சுகரணம், கெமிஸ்ட்ரிக்குக் கெமிஸ்தம். இன்றைய உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல் என்ற சொற்களோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் 'கெமிஸ்தம்' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வழக்கில் நிற்காமல் போனது ஒரு நஷ்டமே. ஒரே நூலில் ஒரே பொருளுக்கு ஒரே சொல் வர வேண்டுமே என்று சொற்பட்டியல்கள் வேறு தயாரித்து அச்சிட்டார்கள்.

கிறீன் பக்திமான், சந்தேகமே இல்லை. மருத்துவமும் ஊழியமும் அவருக்கு இரண்டல்ல. ஆனாலும் பாடநூல் என்று வந்தபோது 'கிறிஸ்தவ அனாடமி' என்று தனியாக ஒன்றை அவர் தேடவில்லை. லண்டனிலும் பாஸ்டனிலும் எந்தப் புத்தகத்தை வைத்து டாக்டர்கள் படித்தார்களோ அதையே தமிழ்ப் பையனுக்கும் கொடுத்தார். விசுவாசத்தை அவர் பாடநூலுக்குள் அல்ல, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பையன்கள் வேட்டி சால்வையை விட்டுக் கோட்டு சூட்டுக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்காது. கிறிஸ்தவன் ஆவது வேறு, வெள்ளைக்காரன் ஆவது வேறு என்பது அவர் கட்சி. டார்வினின் நூல் 1859ல் வந்து மேலை நாட்டுச் சபைகளைக் கலக்கிக்கொண்டிருந்த அதே காலம்தான் இது. மானிப்பாயில் எலும்பையும் நரம்பையும் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. கிறீன் உடல்நலம் குன்றி 1873ல் அமெரிக்கா திரும்பினார். திரும்பியும் சும்மா இருக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கப்பல் தபாலில் போயின, ஊஸ்டரில் தன் வீட்டில் உட்கார்ந்து தமிழைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஆனால் ஆசிரியர் இல்லாத பள்ளி எத்தனை நாள் ஓடும்? தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் டாக்டர்களை உருவாக்கிய முயற்சி, புத்தகங்களாக மட்டும் மிஞ்சியது. வட்டுக்கோட்டையிலோ, செமினரி இருந்த இடத்தில் 1872ல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மறுபடி ஆங்கிலம், மறுபடி அறிவியல். இந்த முறை கேட்டு வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களே. தங்கள் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்பதை பாஸ்டன் தீர்மானித்தது போதும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கிறீன் 1884 மே மாதம் ஊஸ்டரில் இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இருக்கிறது. அவருடைய நூல்கள் சில இணையத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. இரண வைத்தியத்தைத் திறந்து ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்தால் முதல் பத்து வரி கரடுமுரடாக இருக்கும். பதினோராவது வரியில் காயத்தை எப்படிக் கட்டுவது என்பது புரிந்துவிடும்.